பெரியம்மாவின் இடது கன்னம்

படப்பிடிப்புத் தளத்தில் அவனுக்குப் பெயர் தழும்பண்ணன். அவன் முகத்தில் ஒரு கீறல்கூடக் கிடையாது. மழமழவென்று சவரம் செய்த கன்னத்தோடு, பார்க்க வங்கி குமாஸ்தா மாதிரி இருப்பான். பதினாறு வருடமாக அடுத்தவர் முகத்தில் தழும்பு போட்டுப் போட்டு வந்த பெயர் அது. வெட்டுத் தழும்பு, தீத்தழும்பு, தையல் போட்ட தழும்பு, தையல் போடாமல் தானாக ஆறிய தழும்பு என்று கேட்டால் கேட்டபடி போடுவான்.

யாரும் அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. மேக்கப் அறையில் பஞ்சும் தண்ணீரும் எடுத்துக் கொடுக்கிற ஆளாகத்தான் சேர்ந்தான். பெரிய ஆட்கள் கழுவப் போடும் தூரிகையில் மிச்சமிருக்கும் நிறத்தைத் தன் முழங்கையில் தடவிப் பார்ப்பான். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் தாடையை உற்று உற்றுப் பார்த்து இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறான், ஒரு முறை அடி. இப்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை. சும்மா உட்காரத் தெரியாது. கையில் ஒன்றும் இல்லையென்றால் சட்டைப் பையில் இருக்கும் மெல்லிய தூரிகையை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருப்பான்.

தொழிலில் அவன் மனப்பாடமாகக் கற்ற பாடம் ஒன்றே ஒன்று. அதை அவனுடைய டைரக்டர் வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வார்.

"ஜனங்க காய் நறுக்கிக்கிட்டும் துணி மடிச்சுக்கிட்டும் பார்க்கறாங்கய்யா. வசனம் பாதி காதுல விழாது. தலையைத் தூக்கின அந்த ஒரு நொடியில எவன் கெட்டவன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கணும்."

அவனும் எழுதினான். கெட்டவனுக்கு ஒரு சாயல் கறுப்பு கூட்டு. நல்லவளுக்கு இரண்டு சாயல் வெளுப்பு கூட்டு. சூது செய்கிறவளுக்குப் புருவத்தின் நுனியைத் தூக்கு. கொலைகாரனுக்குத் தழும்பு. சமைக்கிற கை உப்பை அளந்தா போடுகிறது? அப்படித்தான் அவன் கையும். எத்தனை முகம், எத்தனை கறுப்பு என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் புதுத் தொடர் ஒன்று ஆரம்பித்தார்கள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வருவது. அதில் வீட்டையே ஆட்டிப்படைக்கும் ஒரு பெரியம்மா உண்டு. தம்பி மகளின் பாலில் விஷம் கலப்பாள், பத்திரத்தில் கையெழுத்தை மாற்றுவாள், சாவகாசமாகச் சிரிப்பாள். "இவளுக்கு ஒரு தழும்பு வேணும்யா. ஒட்டவெச்ச மாதிரி இருக்கக்கூடாது. கூடப் பிறந்த மாதிரி இருக்கணும்" என்றார் டைரக்டர்.

நடிகையை நாற்காலியில் உட்காரவைத்து, அவன் புருவப் பென்சிலை எடுத்தான். யோசிக்கவேயில்லை. கை தானாக இடது கன்னத்துக்குப் போயிற்று. கண்ணுக்குக் கீழே தொடங்கி, கன்னத்தில் லேசாக வளைந்து, உதட்டோரத்துக்கு ஒரு விரல் முன்னால் கொக்கி போலத் திரும்பி நின்றது. அதன் மேல் அவனுடைய திரவத்தைத் தடவினான். காய்ந்தால் தோலைச் சுருக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும் திரவம் அது. இரண்டு பூச்சு. தளமே வாயைப் பிளந்தது.

"எங்கய்யா பிடிச்சே இதை?" என்றார் டைரக்டர்.

"கைக்கு வந்துச்சு சார்."

மூன்றாம் நாள் சாயங்காலம், வீட்டில் ஜன்னலோரம் அக்கா தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இடது பக்கமாக விழுந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தவன் கையிலிருந்த தட்டை நழுவவிட்டான்.

அது அக்காவின் தழும்பு.

அக்கா அவனைவிட நான்கு வயது மூத்தவள். அம்மா போனபிறகு மூன்றாவது மாடியில் இரண்டு அறையில் இருவரும்தான். அக்கா ஏழு வயதில் ஓடிப் பிடித்து விளையாடும்போது, திறந்துகிடந்த ஜன்னல் கதவின் கொக்கி அவள் கன்னத்தைக் கிழித்துவிட்டது. யாராவது கேட்டால் அக்கா அந்தக் கதையைச் சொல்லவே மாட்டாள். ஒருத்தரிடம் முதலை என்பாள், இன்னொருத்தரிடம் திருடனைத் துரத்தினேன் என்பாள். "நிஜத்தைச் சொன்னா ஏமாந்து போறாங்கடா, பாவம்" என்பாள். தழும்பின் மேல்நுனி கீழிமைக்கு மிக அருகில் போய் நிற்பதால் இமை ஒரு நூல் இறங்கியிருக்கும். அக்கா என்னதான் கோபப்பட்டாலும் அந்த இடது கண் ஒத்துழைக்காது. வாய் திட்டும், கண் இரக்கப்படும். சின்ன வயதில் அவன் திட்டு வாங்கும்போதெல்லாம் அந்தக் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நின்று தப்பித்திருக்கிறான்.

அதற்குள் மூன்று நாள் படப்பிடிப்பு முடிந்தாயிற்று. இனி மாற்ற முடியாது. தொடர் ஒளிபரப்பான முதல் நாள், அக்கா டீவியைப் பார்த்தாள், கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"ஏண்டா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நல்ல பொடவை கட்டிக்கிட்டு வந்து நின்னிருப்பேனே."

"தெரியாம வந்துருச்சுக்கா."

"மேல் நுனிய மட்டும் கொஞ்சம் கீழ இறக்கிட்டே போல."

"அவ முறைக்கணுமே. இமைய இழுத்தா முறைக்க வராது."

அக்கா சிரித்துவிட்டாள். பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் அப்போது அவளுக்கு வேலை. எல்லோரும் இருபது வருடப் பழக்கம். "பெரியம்மா, டீ சொல்லு" என்று அங்கே கேலி செய்தார்கள், அவ்வளவுதான். அந்தத் தொழிற்சாலையை மூடாமல் இருந்திருந்தால் இந்தக் கதையும் இத்தோடு முடிந்திருக்கும்.

மூடினார்கள். அக்கா நான்கு மாதம் அலைந்து, இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வேலைக்குப் போகிற பெற்றோர் காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் அழைத்துப் போவார்கள். இருபத்தாறு குழந்தைகள். அக்காவுக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. குழந்தைகளுக்குத்தான் பிடிக்கவில்லை. அவள் உள்ளே கால் வைத்ததும் நான்கு வயதுப் பெண் ஒருத்தி இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, "பெரியம்மா வந்துட்டா!" என்று அலறினாள். ஒன்று அழுதால் இருபத்தாறும் அழும். பால் தம்ளரை நீட்டினால் வாயைப் பொத்திக்கொண்டன. பாலில் விஷம் கலப்பவள் அல்லவா.

இரண்டாவது வாரம் காப்பகத்தை நடத்தும் அம்மா அக்காவைத் தனியே கூப்பிட்டாள். கெட்டவள் இல்லை, நாசூக்காகத்தான் சொன்னாள். "உங்க வேலையில ஒரு குறை சொல்ல முடியாதும்மா. ஆனா ரெண்டு வீட்டுக்காரங்க குழந்தையை வேற இடத்துல சேர்க்கறேங்கறாங்க. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள பசங்க பழகிட்டா சரி. இல்லன்னா நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க."

மாசக் கடைசிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

அக்கா இதை வீட்டில் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. எழுந்து போய்த் தன் பெட்டியைத் திறந்தான். "உட்காரு. நான் மறைச்சு விடறேன். நீயே கண்ணாடியில தேடினாலும் கிடைக்காது."

அடுத்த நாள் காலையில் முக்கால் மணி நேரம் செலவழித்தான். அவன் வாழ்நாளில் செய்த மிகச் சுத்தமான வேலை அது. அக்கா வழுவழுவென்ற கன்னத்தோடு போனாள். காதில் விரல் விட்டுக்கொள்ளும் குட்டி அன்று அழவில்லை. பதினொரு மணிக்கு மடியில்கூட வந்து உட்கார்ந்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் பூச்சு மாவு போல ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் தழும்பு எட்டிப் பார்த்தது.

"வேஷம் போட்டுக்கிட்டு வந்திருக்கா!"

போன மாதம்தான் தொடரில் பெரியம்மா இதே மாதிரி தழும்பை மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்திருந்தாள். அந்த மறைப்பு வேலையையும் அவன்தான் செய்திருந்தான். அன்றைக்கு அழுகை தெருமுனை வரை கேட்டதாம். அக்கா சாயங்காலம் வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "இனிமே என் மூஞ்சியில கை வெச்சே, விரல ஒடிச்சுருவேன்" என்றாள். இடது கண் வழக்கம்போல இரக்கப்பட்டது. அவனால் அதைப் பார்க்க முடியவில்லை.

சரி, அக்கா முகத்தில் கை வைக்கக்கூடாது. பெரியம்மா முகம் தன் கையில்தானே இருக்கிறது என்று பஸ்ஸில் நின்றுகொண்டே கணக்குப் போட்டான்.

தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. நேற்று எடுத்த காட்சியும் இன்று எடுப்பதும் ஒட்டவேண்டும் அல்லவா, அதற்காகத் துணை இயக்குநர் பெண் ஒருத்தி, தினமும் முதல் ஷாட்டுக்கு முன் தன் போனில் இருக்கும் நேற்றைய படத்தை நடிகையின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஒத்துப்போனால் தலையாட்டிவிட்டு இன்றைய படம் ஒன்று எடுத்துக்கொள்வாள். நாளைக்கு அந்தப் படம். நாளை மறுநாள் நாளைய படம். இரண்டு வருடத்துக்கு முந்தைய முதல் படத்தோடு யாரும் ஒப்பிடுவதில்லை. அவ்வளவு கறாரான பெண்ணுக்கும் அது தோன்றவில்லை. நேற்று சரியாக இருந்தால் இன்றும் சரி.

முதல் நாள் கொக்கி நுனியில் ஒரு மயிரிழை குறைத்தான். பெண் போனைப் பிடித்தாள், முகத்தைப் பார்த்தாள், தலையாட்டினாள். இரண்டாம் நாள் இன்னொரு மயிரிழை. மூன்றாம் நாள் பூச்சில் கொஞ்சம் தண்ணீர். இப்போது ஒவ்வொரு காலையும் அவள் தலையாட்டுகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மற்ற நேரத்தில் மனதுக்குள் நாட்களைக் கழித்துக்கொண்டே இருந்தான். இருபது. பதினெட்டு. பதினைந்து. எடுத்தது ஐந்தாம் நாள்தான் டீவியில் வரும். அதையும் கழிக்கவேண்டும். இந்த வேகத்தில் போனால் மாசக் கடைசியில் பெரியம்மா கன்னத்தில் பாதித் தழும்பு பாக்கியிருக்கும். வேகத்தைக் கூட்டினால் பிடிபடுவான். டீ குடிக்கும்போது தூரிகையை டம்ளரில் விட்டுக் கலக்கினான். விளக்குக்காரர் பார்த்துவிட்டு, "என்ன தழும்பண்ணே, டீக்கும் மேக்கப்பா?" என்றார்.

பதினான்காம் நாள் பிடிபட்டான். பிடித்தது துணை இயக்குநர் இல்லை, பெரியம்மா.

நிஜத்தில் அந்த நடிகை பரம சாது. நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணை மூடித் தூங்கிப்போவாள். அன்று மூடிய கண்ணோடே, "அண்ணே, என் தழும்பு எங்க போயிக்கிட்டிருக்கு?" என்றாள்.

"எங்கயும் போகலையேம்மா."

"காய்ஞ்சா தோல் சுருக்குன்னு இழுக்கும். நாலு நாளா இழுக்கல." கண்ணைத் திறந்தாள். "போன வாரம் காய்கறிக் கடையில ஒரு அம்மா என்மேல உருளைக்கிழங்கை எடுத்து அடிச்சாங்க, தெரியுமா? இங்க பாருங்க, கன்னிப்போச்சு. வீட்டுக்குப் போய் அழுதேன். அழுது முடிச்சிட்டு யோசிச்சேன். அடிக்கறதை நிறுத்திட்டாங்கன்னா எனக்கு வேலை இல்லைன்னு அர்த்தம். தழும்பைப் போட்டுக்கிட்டா நான் நடிக்கவே வேணாம்ணே, அது நடிச்சுரும். அது இல்லன்னா என் மூஞ்சிய யாரு பார்ப்பா? பின்னாடி வரிசையில நிக்கிற நாலு பேர்ல ஒருத்தி."

அவன் அக்கா விஷயத்தைச் சொன்னான். அவள் முழுதும் கேட்டாள்.

"பாவம்தான்" என்றாள். "ஆனா என் கன்னத்தைக் கேக்காதீங்கண்ணே. நாளைக்குப் பழையபடி போட்டுருங்க. நான் யார்கிட்டயும் சொல்லல."

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழையும்போது டீவி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா காப்பகத்து ஏப்ரன்களுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள், நிமிராமலே கேட்டாள்.

"எத்தனை நாளா பண்றே?"

"எதை?"

"டேய், அது என் கன்னத்துல முப்பத்தஞ்சு வருஷமா இருக்கு. ஒரு நூல் குறைஞ்சா எனக்குத் தெரியாதா? நேத்தைக்கே பார்த்தேன். நீயா சொல்றியான்னு காத்திருந்தேன்."

"உன் வேலைக்காகத்தான்க்கா."

"அழிச்சா வேலை கிடைச்சுருமா?" ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அவ கன்னத்துல அழிச்சுடுவே. அப்புறம் இன்னொரு டைரக்டர் வந்து தழும்பு கேப்பான், எவ கன்னத்துலயாவது போடுவே. கேக்கறேன், பதில் சொல்லு. பதினாறு வருஷத்துல எத்தனை பேருக்குத் தழும்பு போட்டிருப்பே?"

"முந்நூறு, நானூறு இருக்கும்."

"அதுல ஒரு நல்லவ உண்டா? ஒரு டீச்சர்? ஒரு பஸ் டிரைவர்? கடையில நின்னு பேரம் பேசற ஒருத்தி?"

அவன் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். அடியாள், அடியாள், மாமியார், கடத்தல்காரன், பெரியம்மா. எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடியும் எழுந்து ஜன்னலைச் சாத்தித் திறந்தான்.

"நடந்து நடந்து தரையத் தேய்க்காத. வந்து சாப்பிடு" என்றாள் அக்கா.

மறுநாள் பெரியம்மாவுக்குத் தழும்பை முழுசாகத் திரும்பப் போட்டான். துணை இயக்குநர் பெண் போனையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணா, நேத்தைக்கு இவ்வளவு இல்லையே?"

"நேத்தைக்கு வெக்கையில உருகிருச்சும்மா."

அவள் பழைய படங்களை வேகமாகத் தள்ளத் தொடங்கினாள். "அதெல்லாம் விடும்மா, டைம் ஆகுது" என்று பெரியம்மாவே காப்பாற்றினாள்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக் காட்சி. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு நர்ஸ் ஊசி போடவேண்டும். நர்ஸாக நடிக்க வந்தவள் ஒருநாள் கூலிக்கு வருகிற துணை நடிகை. "ஒண்ணும் இல்ல கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று ஒரே வசனம். காலையிலிருந்து அதையே பதினைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளை மூன்று மணிவரை காக்கவைத்தான். நடிக்கிற குழந்தை நாலு மணிக்குக் கிளம்பியாகவேண்டும், அதைத் தெரிந்தேதான்.

"கன்னத்துல ஒரு தழும்பு போடட்டுமா?" என்றான்.

"போட்டா க்ளோஸ்-அப் கிடைக்குமாண்ணே?"

"தெரியல."

"பரவால்ல, போடுங்க. வெறும் மூஞ்சிய யாரு ஞாபகம் வெச்சுக்கறா?"

அவள் இடது கன்னத்திலும் அதே தழும்பைப் போட்டான். டைரக்டர் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். "யோவ், இங்க வா. இந்த நர்ஸுக்கு ஏன் தழும்பு?"

"சும்மா சார்."

"சும்மாவா?"

"நர்ஸுக்குத் தழும்பு இருக்கக்கூடாதா சார்?"

"ஆஸ்பத்திரில இருக்கலாம்யா. டீவில இருந்தா ஜனங்க விடமாட்டாங்க. தழும்பைக் காட்டினா அதுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் காட்டணும். எடு அதை."

"எடுக்க இருபது நிமிஷம் ஆகும் சார். தோல் சிவந்துரும். குழந்தை கிளம்பிடும்."

டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. "இரு, இரு. இதுவும் நல்லதுதான். இவ பெரியம்மாவோட ஆளு! ஊசி போட்டுட்டுப் போகும்போது வாசல்ல நின்னு திரும்பி ஒரு முறைப்பு. பத்து எபிசோட் ஓட்டிரலாம்யா!"

துணை நடிகையின் முகம் விளக்கேற்றினாற்போல ஆயிற்று. பத்து எபிசோட் என்றால் பத்து நாள் வேலை.

அவனுக்குக் காது அடைத்தது. ஒரு பெரியம்மா போதாதென்று இன்னொருத்தியைத் தன் கையாலேயே உண்டாக்கிவிட்டான். போய்ச் சொல்லலாமா? சொன்னால் கேட்கப்போகிறாரா? ஊசி போடும் காட்சியை எடுத்து முடித்தார்கள். அடுத்தது அந்த முறைப்பு. "டச்-அப்!" என்று குரல் வந்தது.

அவன் மெல்லிய தூரிகையை எடுத்துக்கொண்டு போனான். யார் கண்ணிலும் படாமல், தழும்பின் மேல்நுனியைக் கீழிமைப் பக்கமாக ஒரு நூல் ஏற்றினான். பெரியம்மாவுக்கு இறக்கிய அதே நூல். விசிறியால் விசிறினான். திரவம் காய்ந்தது. கீழிமை லேசாக இறங்கிற்று.

"இழுக்குதா?"

"கொஞ்சம். ஏண்ணே?"

"ஒண்ணும் இல்ல. நல்லா நடி."

கேமரா ஓடியது. வாசலில் நின்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

"முறைம்மா!"

"முறைக்கிறேன் சார்!"

"இதுவா முறைப்பு? சொந்தக்காரி மாதிரி பார்க்கறே! இன்னொரு தடவை."

மூன்று தடவை எடுத்தார்கள். புருவத்தை நெரித்தாள், பல்லைக் கடித்தாள். வலது கண் முறைத்தது. இடது கண் மட்டும் குழந்தைக்காக வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தது. குழந்தையின் அம்மா பையைத் தோளில் மாட்டிவிட்டாள். "சரி விடு, மியூசிக்ல பார்த்துக்கலாம்" என்றார் டைரக்டர்.

அது டீவியில் வரும்வரை ஐந்து நாளும் அவன் எப்படிக் கழித்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஒருநாள் போலீஸ்காரருக்கு உதட்டுச் சாயம் பூசிவிட்டான்.

மாசக் கடைசிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணி. அக்காவும் அவனும் டீவிக்கு முன்னால். நர்ஸ் வந்தாள். அக்கா தைத்துக்கொண்டிருந்த பொத்தானை மறந்தாள். நர்ஸ் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, எறும்பு வசனத்தைச் சொல்லி, ஊசி போட்டாள். வாசலில் போய்த் திரும்பினாள். தகரக் கூரை சரிந்தாற்போல இசை இடித்தது. இடி நடுவே அந்த முகம், குழந்தைக்குக் காய்ச்சல் இறங்குமா என்று தவித்துக்கொண்டு நின்றது.

விளம்பரம் வந்தது. அக்கா தன் கண்ணுக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேல் நுனிய ஏத்திட்டே" என்றாள்.

"ம்."

"கேணையன்டா நீ." பொத்தானை மறுபடி எடுத்துக்கொண்டு, "அந்த மியூசிக்குக்கு நானே பயந்துட்டேன். பசங்க என்ன பண்ணப்போகுதுங்களோ" என்றாள்.

மறுநாள் காலை, பதினாறு வருடத்தில் முதல் முறையாக வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, அவன் காப்பகத்துக் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றான். அக்காவுக்குத் தெரிந்தால் விரட்டுவாள் என்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். பெற்றோர் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு பையன் அக்காவைக் கண்டதும் வழக்கம்போல அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். பின்னாலேயே காதில் விரல் விட்டுக்கொள்ளும் குட்டி வந்தாள். விரல்கள் காதுவரை போயின. பாதி வழியில் நின்றன.

"நீங்க நர்ஸா, பெரியம்மாவா?"

அவளுடைய அம்மா பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருடி. தப்பா நினைச்சுக்காதீங்க... நேத்து ராத்திரி பூரா இதே கேள்விதான்."

அக்கா குனிந்து உட்கார்ந்தாள். "ரெண்டு பேரும் இல்ல. நான் ஆன்ட்டி."

"அப்ப இது?" குட்டி தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

முதலைக் கதை வரப்போகிறது என்று அவன் நினைத்தான்.

"ஜன்னல் கொக்கி. ஓடிப் பிடிச்சு விளையாடினேன், இடிச்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மருந்து போட்டாங்க. ஆறிப்போச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

குட்டி ஏமாந்துதான் போனாள். அது முகத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் தழும்பையே பார்த்தாள். அப்புறம் தன் தண்ணீர்ப் பாட்டிலை அக்காவின் கையில் திணித்துவிட்டு, செருப்பைக் கழற்றி உதறி உள்ளே ஓடினாள். அப்பாவின் காலைக் கட்டியிருந்த பையன் கால்களுக்கிடையே தலையை நீட்டி, "எந்த ஜன்னல்?" என்றான்.

காப்பகத்து அம்மா படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். தூணுக்குப் பின்னால் இருந்தவனையும் பார்த்துவிட்டாள். "நீங்க அவங்க தம்பிதானே? நாளையிலிருந்து எட்டரைக்கு இல்ல, எட்டுக்கே வரச் சொல்லுங்க. காலையில பால் காய்ச்ச ஆள் இல்ல."

"பாலா?"

"ஆமா, பால்தான். ஏன், அவங்களுக்குக் காய்ச்சத் தெரியாதா?"

"தெரியும்மா. நல்லாவே தெரியும்."

பையில் போன் அதிர்ந்தது. டைரக்டர்.

"யோவ், எங்கய்யா தொலைஞ்சே? சானல்ல இருந்து விடியக்காலையிலருந்து போன். அந்த நர்ஸ் நல்லவளா கெட்டவளான்னு ஜனங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு அடிச்சுக்கறாங்களாம். நாளைக்கே அவளை வரச் சொல்லியிருக்கேன். தழும்புக்கு உடனே ஒரு ஃப்ளாஷ்பேக் வேணும். நீதானே போட்டே, போடும்போது என்ன நினைச்சுப் போட்டே, சொல்லு."

உள்ளே அக்காவைச் சுற்றி நான்கைந்து குழந்தைகள் நின்று, அவள் காட்டிய ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

"ஜன்னல் கொக்கி சார்" என்றான்.

"என்னது?"

"சின்ன வயசுல ஓடி விளையாடும்போது இடிச்சுக்கிட்டா."

"சரி. அப்புறம்?"

பஸ் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. அவன் போனைக் காதில் வைத்தபடியே ஓட ஆரம்பித்தான்.

"அப்புறம் நர்ஸுக்குப் படிச்சா சார்."